"எல்லாரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள்": கண்ணின் பழக்கமா, மனத்தின் அலட்சியமா?

மழைக்குருவி:
வேலையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இருவரும் ஒரே இனத்தவர், நான் வேறு இனம். ஒருவர் நல்ல உயரம், மற்றவர் குள்ளம். குரல்கூட வேறு. மூன்றாவது முறை மாற்றிச் சொன்னபோது, அவர்களில் ஒருவர் சிரிக்கவில்லை. "நாங்கள் இரண்டு பேர்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. எனக்குள் இனவெறி இருக்கிறதா, இல்லை மூளையே இப்படித்தானா?

தூரப்பார்வை:
உறுத்துவது நியாயம். ஆனால் இனவெறி என்று உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். வேற்று இனத்தவரின் முகங்களைப் பிரித்தறியத் தடுமாறுவது, 1969-ல் மால்பாஸ், க்ராவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் சோதனை செய்து காட்டியதிலிருந்து நன்கு அறியப்பட்ட விஷயம். 2001-ல் மைஸ்னர், பிரிகம் என்ற இரு ஆய்வாளர்கள் 39 ஆய்வுக் கட்டுரைகளை, கிட்டத்தட்ட 5,000 பேரின் தரவை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பார்த்த முகத்தைச் சரியாக அடையாளம் காணும் வாய்ப்பு சொந்த இனத்தவர் விஷயத்தில் 1.4 மடங்கு அதிகம். பார்க்காத முகத்தைப் "பார்த்தேன்" என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு வேற்று இனத்தவர் விஷயத்தில் 1.56 மடங்கு அதிகம். ஒருவரின் இன மனப்பான்மைக்கும் இந்தத் தடுமாற்றத்துக்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை.

இன்னொன்று. மூன்று மாதக் குழந்தை எந்த இனத்து முகங்களையும் பிரித்தறிகிறது. ஒன்பது மாதம் ஆனதும், தினமும் பார்க்கும் இனத்தின் முகங்களை மட்டும்தான் பிரிக்கிறது. 2007-ல் வந்த ஆய்வு. ஒன்பது மாதக் குழந்தைக்கு என்ன வெறுப்பு இருக்க முடியும்?

கிளிஞ்சல்:
அண்ணா, அதே 2001 ஆய்வில் நீங்கள் விட்டுவிட்ட எண் ஒன்று இருக்கிறது. பிற இனத்தவரோடு எவ்வளவு பழகியிருக்கிறோம் என்பது இந்த வேறுபாட்டில் விளக்கியது ஏறக்குறைய 2 சதவீதம்தான். பழக்கமே காரணம் என்றால் இது ஏன் இவ்வளவு சின்ன எண்?

2007-லேயே வந்த வேறொரு சோதனையைப் பாருங்கள். பார்ப்பவரும் படத்தில் இருப்பவர்களும் ஒரே இனம். "இவர் உன் பல்கலைக்கழகம், இவர் வேறு பல்கலைக்கழகம்" என்று அடையாளம் மட்டும் ஒட்டினார்கள். அதற்கே, "வேறு" என்று சொல்லப்பட்ட முகங்கள் குறைவாக நினைவில் நின்றன. அங்கே கண் பழக்கத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. "நம்ம ஆள் இல்லை" என்று முடிவானதும் மனம் அந்த முகத்தை வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் என் இனத்தவர் மொத்தம் இரண்டே பேர். இரண்டு வருடம் என்னை அவள் பெயரிலும் அவளை என் பெயரிலும் கூப்பிட்டார்கள். எனக்கோ அங்கே இருந்த நாற்பது பேரையும் முதல் மாதத்திலேயே தெரியும். தெரியாமல் எனக்கு அங்கே பிழைப்பு நடக்காது. அவர்களுக்கு அந்த அவசியம் இல்லை. தினமும் எதிரெதிரே உட்கார்ந்தோம், பழக்கத்துக்கு என்ன குறை?

தூரப்பார்வை:
அது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது தங்கச்சி. ஆனால் பழக்கம் என்று நான் சொல்வது குழந்தைப் பருவத்துப் பழக்கத்தை. மூன்று முதல் ஒன்பது வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போன கொரியக் குழந்தைகளை, பெரியவர்களான பிறகு சோதித்தார்கள். ஐரோப்பிய முகங்களைத்தான் அவர்கள் நன்றாக அடையாளம் கண்டார்கள். 2019-ல் வந்த ஆய்வு, 12 வயதுக்கு முன் பழகியவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் நீங்குகிறது, வயது வந்தபின் பழகுவது அந்த அளவு உதவவில்லை என்கிறது. அந்த 2 சதவீதத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இயந்திரத்தையே பாருங்கள். 2019-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் முகம் அறியும் மென்பொருள்களைச் சோதித்தது. பலவற்றில் கிழக்காசிய முகங்களுக்குத் தவறான பொருத்தங்கள் அதிகம். சீனாவில் உருவான சிலவற்றில் அந்தக் குறை இல்லை. மென்பொருளுக்கு அலட்சியம் கிடையாதே!

கிளிஞ்சல்:
மென்பொருளுக்குக் கிடையாது. எந்தப் படங்களைக் கொடுத்து அதைப் பழக்குவது என்று தீர்மானித்தவர்களுக்கு? அப்புறம், 12 வயதோடு கதவு சாத்திவிட்டது என்றால் யாரும் முயற்சியே செய்ய மாட்டார்கள். "இப்படி ஒரு தடுமாற்றம் உண்டு, கவனித்துப் பாருங்கள்" என்று முன்கூட்டியே சொன்னதும் வேறுபாடு மறைந்துபோன ஆய்வும் இருக்கிறது.

தூரப்பார்வை:
இருக்கிறது. அதேபோல் சொல்லியும் பலன் இல்லாத ஆய்வும் இருக்கிறது.

அகவன்:
இருவருக்கும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1984, அமெரிக்காவின் வட கரோலினா. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு வெள்ளையினப் பெண், பிழைத்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்று தாக்கியவனின் முகத்தை வேண்டுமென்றே உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். அடையாளம் காட்டியது ரொனால்டு காட்டன் என்ற கறுப்பினத்தவரை. பின்னால் மறுவிசாரணையில் உண்மையான குற்றவாளியையே கொண்டுவந்து நிறுத்தியபோது, இவரைப் பார்த்ததே இல்லை என்றார் அந்தப் பெண். 1995-ல் மரபணுச் சோதனைதான் காட்டனை விடுவித்தது. பத்து வருடத்துக்கு மேல் சிறை.

கவனம் போதும் என்றால், அவரைவிடக் கவனமாகப் பார்த்தவர் யார்? 1999-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், வேற்று இனத்தவரை அடையாளம் காட்டுவதில் தவறு நேரலாம் என்று, குறிப்பிட்ட வழக்குகளில் ஜூரிகளை எச்சரிக்க வேண்டும் என்றது. 2017-ல் நியூ யார்க்கும் அந்த வழிக்கு வந்தது.

கிளிஞ்சல்:
இந்த வழக்கு என் வாதத்தை அசைக்கிறது. மறைக்க மாட்டேன். அச்சம், இருட்டு, போலீஸ் படங்களைக் காட்டிய விதம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் கவனம் மட்டும் போதாதுதான்.

தூரப்பார்வை:
எதைக் கவனிப்பது என்பதும் தெரிய வேண்டும். 1975-ல் ஓர் ஆய்வில் முகங்களை வர்ணிக்கச் சொன்னார்கள். வெள்ளையினத்தவர் முடியின் நிறம், கண்ணின் நிறம் என்றார்கள். கறுப்பினத்தவர் கண்ணின் அளவு, புருவம், காது, தாடை என்றார்கள். எல்லாருக்கும் கருமுடி இருக்கும் கூட்டத்தில் முடியின் நிறத்தைத் தேடினால் எல்லாரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். மழைக்குருவி, நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?

மழைக்குருவி:
இன்றுதான் யோசித்தேன். சிகையலங்காரத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய முடி. இன்று உற்றுக் கவனித்தேன், ஒருவருக்குப் புருவம் நடுவில் கிட்டத்தட்டச் சேர்கிறது, மற்றவருக்குத் தாடை அகலம். இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. நாளைக்கு அவரிடம் பேசலாம் என்று இருக்கிறேன். இந்த ஆய்வுகளையும் சொல்லட்டுமா?

கிளிஞ்சல்:
வேண்டாம். கேட்பவருக்கு அது சாக்குபோக்காகத்தான் படும். பெயரைச் சரியாகச் சொல்லி, மூன்று முறை மாற்றிக் கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். ஆய்வெல்லாம் இங்கேயே இருக்கட்டும்.

தூரப்பார்வை:
இதில் கிளிஞ்சலோடு முழுக்க உடன்படுகிறேன். 12 வயது விஷயத்தில் இல்லை.