புதுப்பிப்பு: சைக்கிளில் கிரிவலம்

திருவண்ணாமலை மலையைச் சைக்கிளில் சுற்றினால் மனசு லேசாகிறது என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அதற்கு வந்த ரெண்டு கேள்விகளுக்குப் பதில் இது.

முதலாவது, இது கிரிவலக் கணக்கில் சேருமா? முறைப்படி சேராது, 14 கிலோமீட்டரும் வெறுங்காலில் நடப்பதுதான் வழக்கம். நான் புண்ணியக் கணக்கு பார்த்துப் போகவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் சைக்கிளோடு போய் நிற்காதீர்கள், திட்டுதான் விழும். சாதாரண நாளில் விடிவதற்கு முன் கிளம்பினால், கிரிவலப் பாதையில் இருக்கும் எமலிங்கம் சன்னதியைத் தாண்டியதும் மூச்சும் பெடலும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும், அப்புறம் வலது பக்கம் மலை கூடவே வரும், நேற்று ஆபீசில் கேட்ட பேச்செல்லாம் எங்கே போனதென்றே தெரியாது.

இரண்டாவது, ‘எல்லாம் எண்டார்ஃபின்தானே சார்?’ எண்டார்ஃபின் என்பது வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் பொருள், ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் லேசில் நுழையாது. உடற்பயிற்சியில் கூடும் எண்டோகன்னபினாய்டுகள் (கஞ்சாவில் உள்ளதைப் போல வேலை செய்யும், உடம்பே உண்டாக்கும் பொருள்கள்) நுழையும், அந்த மிதப்பில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்கிறார்கள். இருக்கட்டும். குழி, நாய், எதிரே வரும் ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் பார்த்து ஓட்டும்போது போனை எடுக்க முடியாதே, என் விஷயத்தில் பாதி வேலை அதுதான் செய்கிறது.

முட்டி வலிக்கிறது என்றவருக்கு: சீட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள்.