தியானத்தில் தோன்றும் காட்சிகளும் ஊரார் தரும் மரியாதையும்: வழி கேட்கிறேன்

எழுதியவர்: எடைமேடைக் கிராணி

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவில் பகாவுக்கு அருகில் உள்ள ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக, அதாவது எடையைப் பதியும் எழுத்தராக, வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகளாக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்து வருகிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முன்பு பூசை செய்துவந்த பெரியவர் ஒருவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் கேட்டுத் தெளிவதற்கு ஆள் இல்லை.

சென்ற ஆண்டு முதல் கண்ணை மூடி அமர்ந்த சிறிது நேரத்தில் புருவ நடுவே நீல நிற ஒளி தோன்றுகிறது. சில நாள்களில் வண்டு முரல்வது போன்ற ஓசை கேட்கிறது. இவற்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கடந்த நவம்பரில், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு விடியலில், பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று சாலை வளைவில் கவிழ்ந்து கிடப்பதைப் போன்ற காட்சி தியானத்தில் தெளிவாகத் தெரிந்தது. காலையில் பசியாறும்போது இதை என் மனைவியிடம் சொன்னேன். அன்று பிற்பகலே எங்கள் ஆலைக்கு வந்துகொண்டிருந்த லாரி அந்த வளைவில் கவிழ்ந்தது. ஓட்டுநருக்குத் தோள் எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை.

செய்தி மாலைக்குள் பரவிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் என்னைக் கண்டவுடன் எழுந்து நின்றவர்கள் உண்டு. கவிழ்ந்த லாரியின் எண்ணை வைத்து நாலு நம்பர் (நான்கு இலக்க லாட்டரி) எடுத்த சிலர், அடுத்த நம்பர் எது என்று என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, நான் ஒரு சாதாரண ஆள்" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். பொய்யான பணிவு இல்லை இது. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நான் மறுக்க மறுக்க, அந்த மறுப்பையே முதிர்ந்த ஞானத்தின் அடையாளமாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். "உண்மையான சாமி இப்படித்தான் பேசும்" என்று ஒரு பாட்டி சொன்னபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது இனித்தது. அன்று இரவு படுத்தபின் அந்த வாக்கியத்தை மூன்று நான்கு முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

இதற்கிடையில் பக்கத்து ஊரில் வகுப்பு நடத்தும் ஒருவர், "உங்களுக்குப் புருவ நடுவில் உள்ள ஆக்ஞைச் சக்கரம் திறந்துவிட்டது, 1,200 ரிங்கிட் கட்டி அடுத்த நிலைக்கு வாருங்கள்" என்று அழைக்கிறார். பணம் ஒரு புறம் இருக்கட்டும். இந்த அனுபவங்கள் மெய்யா, பயிற்சியைத் தொடரலாமா, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இனிப்பை என்ன செய்வது என்பதே என் கேள்வி.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, கடைசியில் கேட்ட கேள்வியை நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒளியும் ஓசையும் மெய்யா என்பதை அறியாமலேயே ஒருவர் நல்ல சாதகராக இருந்துவிடலாம். அந்த இனிப்பை அறியாமல் இருந்தால் முடியாது.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மூன்றாம் பாதத்தின் பெரும்பகுதி விபூதிகளை, அதாவது சித்திகள் எனப்படும் அற்புத ஆற்றல்களைப் பற்றியது. ஆகவே யோக நூல் சித்திகளை இல்லை என்று சொல்கிறது என யாராவது கூறினால் அவர் அந்த நூலைப் பார்க்கவில்லை என்று பொருள். ஆனால் அதே பாதத்தின் 37ஆம் சூத்திரம் (சில பதிப்புகளில் 38) இவை சமாதிக்கு இடையூறுகள் என்றும், வெளிமுகமாகத் திரியும் மனத்துக்கே சித்திகள் என்றும் பிரித்துக் காட்டுகிறது. நான்காம் பாதத்தின் முதல் சூத்திரமோ, பிறப்பாலும் மருந்தாலும் மந்திரத்தாலும் தவத்தாலும் சமாதியாலும் சித்திகள் வரும் என்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பச்சிலையைத் தின்றும் கிடைக்கக்கூடிய ஒன்றை வைத்து ஒருவருடைய ஆன்ம உயரத்தை அளக்க முடியுமா? வகுப்புக்கு அழைப்பவர் அதைத்தான் செய்கிறார்.

உங்கள் நிலைக்கு நேராகப் பேசுவது மூன்றாம் பாதத்தின் 51ஆம் சூத்திரம் (இதுவும் சில பதிப்புகளில் ஓர் எண் தள்ளி வரும்). உயர்நிலைத் தேவர்கள் அழைக்கும்போது சங்கமும் கூடாது, ஸ்மயமும் கூடாது என்கிறது அது. சங்கம் என்பது பற்று. ஸ்மயம் என்பது உள்ளுக்குள் பூரிக்கும் செருக்கு. இதற்கு உரை எழுதிய வியாசர் அந்த அழைப்பையே ஒரு நாடகம் போல விவரிக்கிறார். இங்கே அமருங்கள், மூப்பையும் சாவையும் தடுக்கும் மருந்து இதோ, வானில் செல்லும் ஊர்தி இதோ என்று தேவர்கள் ஆசை காட்டுகிறார்கள். யோகி மறுத்துவிடுகிறான். நாம் அந்த இடத்தில் கதை முடிந்தது என்று நினைப்போம், வியாசர் முடிக்கவில்லை. பற்றை விட்ட பிறகு, "தேவர்களே என்னை வேண்டிக் கேட்கிறார்களே" என்ற பூரிப்பும் வரக்கூடாது என்கிறார். அந்தப் பூரிப்பு வந்தவன் தன்னை நிலைபெற்றவனாக எண்ணிக்கொண்டு, சாவு தன் தலைமயிரைப் பற்றியிருப்பதை உணரமாட்டான் என்பது அவருடைய எச்சரிக்கை. ஆசையைக் காட்டிலும் மறுப்பில் பிறக்கும் இனிப்பு நுட்பமானது என்பதை அந்த மனிதர் எப்படித்தான் கண்டாரோ! நாலு நம்பர் கேட்பவர்களைத் தேவர்கள் என்று நான் சொல்லவில்லை. இனிப்பு மட்டும் அதேதான்.

தாயுமானவர் தேசோமயானந்தத்தில் ஒரு பட்டியல் போடுகிறார். மதயானையை நடத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், பாம்பை ஆட்டலாம், நீரின்மேல் நடக்கலாம், வேறோர் உடலில் புகலாம் என்று ஒவ்வொன்றாக 'லாம்' போட்டு எளிதாக்கிக்கொண்டே வந்து, சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று நிறுத்துகிறார். பள்ளியில் நாற்பது பிள்ளைகளைச் சும்மா உட்காரச் சொல்லிப் பார்த்தவன் என்ற முறையில் அந்தப் பாடலின்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. (ஆற்றைக் காலால் நடந்து கடக்கக் கற்றவனுக்குப் படகுக் கூலியை நினைவுபடுத்தும் கதையை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள் என்பதால் நான் விட்டுவிடுகிறேன்.)

ஆகவே என் யோசனை இது: ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பயிற்சியைத் தொடருங்கள், அதைப் பற்றி மனைவி உட்பட யாரிடமும் பேசாதீர்கள். நம்பர் கேட்டு வருபவர்களிடம் "நான் சாதாரண ஆள்" என்ற வாக்கியத்தையும் சொல்ல வேண்டாம். "தெரியாது, சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள். உங்களைப் பற்றி நீங்கள் தாழ்த்திச் சொல்வதும் உங்களைப் பற்றிய பேச்சுதான்.

மறுமொழி 2: பழைய டிரசர்

தோட்டத்து மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் முப்பது ஆண்டுகள் இருந்தவன். மருத்துவ உதவியாளர்களான எங்களை 'டிரசர்' என்றே அழைப்பார்கள். ஆசிரியர் ஐயா சொன்னதற்கு மாறாக நான் எதுவும் சொல்லவில்லை. அவர் தொடாத ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கண்ணை மூடி இருட்டில் அமர்பவருக்கு ஒளிப்புள்ளிகளும் வண்ணங்களும் தெரிவது விழித்திரையும் மூளையும் இயல்பாகச் செய்யும் வேலை. அரைத்தூக்க நிலையில், குறிப்பாகத் தூக்கம் குறைந்தவருக்கு, காட்சிகளும் ஓசைகளும் மிகத் தெளிவாக வரும். வேகமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சிகளால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்கித் தலை லேசாவதும் விரல்கள் மரத்துப்போவதும் உண்டு. நான்கு மணிக்கு எழுபவர் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே? நினைவு தப்புவது, நேரம் எப்படிப் போனது என்று தெரியாமல் போவது, உடல் வெட்டி இழுப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். காதில் ஓசை நிற்காமல் இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தியானத்தில் தோன்றும் ஒவ்வொரு காட்சியையும் தேதி போட்டு எழுதுங்கள். பலித்தது மட்டும் நினைவில் தங்கும், பலிக்காத நூறு மறந்துபோகும், நோட்டு மறக்காது. மழைக்காலத்தில் அந்த வளைவில் லாரி கவிழ்வதற்குத் தியானம் தேவையில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

இதையெல்லாம் சொல்வதால் என்னை நாத்திகன் என்று நினைக்க வேண்டாம். பத்தமடையில் பிறந்த ஒரு மருத்துவர் 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலுமாகப் பத்தாண்டுகள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, 1923இல் இந்தியாவுக்குத் திரும்பித் துறவியானார். அவர்தான் ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர். சித்திகளின் பின்னால் ஓடாதீர்கள் என்று திரும்பத் திரும்ப எழுதிய அவர், ஆசிரமம் வைத்த பிறகும் மருந்து கொடுப்பதை விடவில்லை. நம் தொழிலில் இருந்த ஒருவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. இது ஸ்மயத்தில் சேருமா என்பதை ஆசிரியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

மறுமொழி 3: பால்வெட்டுக்காரர் மகள்

அண்ணனுக்கு வணக்கம். நான் நூல் படித்துச் சொல்லவில்லை. என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பழைய தோட்டத்தில், இன்னும் பால்மரம் (ரப்பர் மரம்) இருந்த காலத்தில், பெரியப்பா முனியாண்டி கோயிலைப் பார்த்துக்கொண்டார். யாருக்காவது காய்ச்சல் என்றால் விபூதி போடுவார், அவ்வளவுதான். ஒருநாள் கனவில் வந்ததாக அவர் சொன்ன எண்ணுக்குப் பரிசு விழுந்தது. அதற்குப் பிறகு எங்கள் லயத்து வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்காத சனிக்கிழமை இல்லை. கோழியும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் வேட்டியும் வந்தன. அதுவரை பெரியம்மா இடுப்பில் தூக்கிச் சுமந்த தண்ணீரை வேறு யாரோ கொண்டுவந்து ஊற்றினார்கள். பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) அவர் தாமதமாக வந்தாலும் மேற்பார்வையாளரான மண்டோர் ஒன்றும் சொல்வதில்லை.

பிறகு தொடர்ந்து மூன்று எண்கள் விழவில்லை. கூட்டம் குறைந்தது. அவரால் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது அந்தக் குறைவைத்தான். வறுமை எங்களுக்கு எப்போதும் இருந்ததுதான். வராத அருளை வரவழைக்கத் தொடங்கினார். குடித்தால்தான் சாமி வரும் என்றார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தோம். அவர் ஆடுவது நடிப்பு என்பது எங்களுக்கே தெரிந்தது, பெரியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தும் எண் கேட்டார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் என்னிடம் ஒன்று சொன்னார். அந்த முதல் எண்ணும் கனவில் வரவில்லையாம். பிரட்டுக் களத்தில் நின்ற ஒரு லாரியின் பின்னால் எழுதியிருந்த எண்ணாம். யாரோ வற்புறுத்திக் கேட்டதால் வாய்க்கு வந்ததைச் சொன்னாராம். "விழுந்த பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது பாப்பா, ஒருவேளை கனவுதானோ என்று" என்றார்.

அண்ணன் இனித்ததாக எழுதியிருந்தீர்கள். பெரியப்பா அப்படி ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை.

எடைமேடைக் கிராணியின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. ஒரு மண்டலம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது என்பதால் எழுதுகிறேன்.

டிரசர் ஐயா கேட்டதற்கு: பதினொன்றரைக்குப் படுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பத்து மணிக்குப் படுக்கிறேன்; வண்டோசை ஏறக்குறைய நின்றுவிட்டது. ஒளி சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. நோட்டில் 23 காட்சிகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் என் மாமியார் வருவது போன்ற ஒன்று மட்டும் நடந்தது. அவர் மாதந்தோறும் வருபவர்.

பேசாமல் இருப்பது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. இருபதாம் நாள் அளவில், "இருபது நாளாக நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை தெரியுமா" என்று மனைவியிடம் சொல்லிவிட வாயெடுத்தேன். ஆசிரியர் ஐயா சிரிப்பீர்கள் என்று தெரியும். நம்பர் கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், சாப்பிட்டீர்களா என்று கேட்டதால் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். வகுப்புக்காரருக்குப் பணம் கட்டவில்லை.

சென்ற வாரம் அந்த லாரி ஓட்டுநர் தோள் குணமாகி வேலைக்குத் திரும்பினார். எடைச்சீட்டுக்குக் கையெழுத்துப் போடும்போது, "அண்ணே, நீங்கள் முன்பே பார்த்தீர்களாமே" என்றார். பிறகு தாமாகவே, "நான்தான் அதற்கு மூன்று நாள் முன்னால் உங்களிடம் சொன்னேனே, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, அந்த வளைவில் பயமாக இருக்கிறது என்று" என்றார்.

எனக்கு நினைவில்லை. அன்றைய எடைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவருடைய லாரி நுழைந்த நேரம், பழத்தின் எடை, வெறும் வண்டியின் எடை, என் கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. அவர் சொல்லியிருக்கிறார்; நான் திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். பட்டறைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று அந்த லாரி வெளியே போயிருக்காது.

காட்சியை எழுதிய நோட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. அதை எடைமேடை மேசைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஓட்டுநர்கள் வண்டியைப் பற்றிச் சொல்வதை நேரம் போட்டு அதில் எழுதி, மாலையில் பட்டறைக்குக் கொடுக்கிறேன். நேற்று எழுதியது இரண்டு: ஒரு வண்டியின் பின்விளக்கு எரியவில்லை, இன்னொன்றின் இடது டயர் தேய்ந்திருக்கிறது.