கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் கூடுவதற்கு இடம் தேடுகிறோம், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி:
நாங்கள் பன்னிரண்டு குடும்பங்கள், வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் கூடுகிறோம். தவழ்கிற குழந்தையிலிருந்து நான்கு வயது வரை பிள்ளைகள். இதுவரை வீடு மாற்றி வீடு வைத்தோம், இப்போது எந்த வீடும் கொள்ளவில்லை. மூன்று இடம் கிடைக்கும்போல் இருக்கிறது: முதல் மாடியில் வெளிச்சமான பெரிய ஹால், நூலகத்தை ஒட்டித் தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை, அப்புறம் வேலி போட்ட பூங்கா, அதில் ஓரமாக ஒரு அலங்காரக் குளம். போன மாதம் ஒரு வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை கீல் பக்கக் கதவிடுக்கில் விரலை வைத்துவிட்டது. நகம் கறுத்துப்போய் அவள் கையை உதறிக்கொண்டு அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீங்கள் எதைப் பார்த்து இடத்தை முடிவு செய்தீர்கள்?

இரட்டையரின் அம்மா:
குளம் இருக்கும்வரை அந்தப் பூங்கா வேண்டாம். குழந்தை மூழ்க 5 செ.மீ. தண்ணீர்கூடப் போதும், தலைதான் கனம் என்பதால் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது, சத்தமும் பெரும்பாலும் வராது. மாடி ஹாலில் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும், குறுக்குக் கம்பி என்றால் அதையே ஏணியாக்கி ஏறிவிடுவார்கள். ஏதாவது அவசரம் என்றால் ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில்தான் இறங்க வேண்டும், அதையும் யோசியுங்கள்.

விளையாட்டுக் குழு நடத்துபவர்:
நான் ஆறு வருஷமாக இப்படி ஒரு குழு நடத்துகிறேன். எந்த இடமானாலும் நீங்கள் கூடப்போகிற அதே கிழமை, அதே நேரத்துக்குப் போய், வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரை முட்டி போட்டுத் தவழ்ந்து பாருங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. பளிச்சென்று பெருக்கி வைத்திருந்த ஒரு ஹாலில் நான் தவழ்ந்தபோது, அறிவிப்புப் பலகைக்கு நேர் கீழே, சுவர் மூலையில் மூன்று குண்டூசிகள் கிடந்தன. நின்றபடி பார்த்த யார் கண்ணுக்கும் அவை படவில்லை. பொம்மைகளைச் சோதிக்கிற உருளையின் அகலம் 31.7 மி.மீ., அதற்குள் அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கலாம். உருளை இல்லையென்றால் கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழல் போதும், கொஞ்சம் அகலம் கூடுதல்தான், அது நல்லதே. ரிமோட்டின் மூடி திருகால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடலாம். சுவரோடு பிணைக்காத அலமாரியும், ஜன்னல் திரையிலிருந்து தொங்குகிற கயிறும் எனக்கு எப்போதும் கவலைதான்.

இரண்டு பேத்திகளின் தாத்தா:
பூங்காவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன் அம்மா. தண்ணீர் இல்லாத, கதவு தானாகச் சாத்திக்கொள்கிற பூங்கா கிடைத்தால் நாலு வயசுக்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் தவழ்கிறவர்கள் இருக்கும்வரை தரைத்தளமும் ஒரே வாசலும்தான் என் பேச்சு. அவசர வழி ஒன்று தனியாக இருக்க வேண்டும், அதைப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று சாவிக்காரரிடம் நேரில் கேளுங்கள். கழிவறைக் குழாயில் கை வைத்துப் பாருங்கள், 60 டிகிரி வெந்நீர் சின்னக் குழந்தையின் தோலைச் சில நொடியிலேயே பொசுக்கிவிடும். இன்னொன்று, பெரியவர்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தால் ஆளாளுக்கு அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று பேச்சில் இறங்கிவிடுவார்கள். வாசலில் ஒருவர், கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றி, கையில் போன் இல்லாமல் உட்காரட்டும்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று அந்த நூலக அறையில் முட்டி போட்டேன். மின் பிளக் ஒன்று மூடி இல்லாமல் இருந்தது, அலமாரி கை வைத்ததும் ஆடியது. இரண்டையும் சொன்னேன், அலமாரியை இந்த வாரமே சுவரில் பிணைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கதவின் கீல் பக்கத்துக்கு நீளமான இடுக்கு மறைப்பு ஒன்று நாங்களே வாங்கி மாட்டுகிறோம். இடம் சின்னது என்பதால் ஆறு ஆறு குடும்பமாகப் பிரிந்து வரலாமா என்று குழுவில் கேட்டிருக்கிறேன். வாசலில் முதல் கால் மணி நான்தான்.