நூலகத் தளத்தில் எல்லாம் இருக்கிறது, மாணவர்கள் கண்ணில்தான் படவில்லை – உதவி தேவை

ஏட்டுச்சுவடி:
வணக்கம். ஒரு மருத்துவக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். எங்கள் தளத்தின் மெனுவில் ‘ஓபாக்’ (புத்தகப் பட்டியல்), ‘ஈ-ரிசோர்சஸ்’, ‘கன்சார்டியம்’, ‘ரிமோட் ஆக்சஸ்’ என்று மொத்தம் 11 தலைப்புகள். லட்சக்கணக்கில் சந்தா கட்டுகிறோம். ஆனாலும் பிஜி மாணவர்கள் போன் பண்ணி, “சார், இந்த ஜர்னல் நம்மகிட்ட இருக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். தேடல் பெட்டி முகப்பிலேயே இருக்கிறது. எங்கே தப்பு?

வலைக்காரன்:
அந்தப் பெட்டி எதைத் தேடுகிறது சார்? புத்தகங்களையா, கட்டுரைகளையா?

ஏட்டுச்சுவடி:
கோஹா என்ற நூலக மென்பொருளில் உள்ள புத்தகப் பட்டியலை மட்டும்.

வலைக்காரன்:
பாதி வினை அங்கேதான். பையன் அதில் ஒரு கட்டுரைத் தலைப்பை அடிப்பான். ஒன்றும் வராது. நூலகத்தில் இல்லை போல என்று மூடிவிடுவான். பெட்டியிலேயே ‘புத்தகம் தேட’ என்று எழுதுங்கள், பக்கத்தில் ‘கட்டுரை தேட’ என்று, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்துக்கு இணைப்பு கொடுங்கள். ‘கன்சார்டியம்’ நம் அலுவலகச் சொல். யார் சேர்ந்து வாங்கினார்கள் என்பது படிக்கிறவனுக்கு எதற்கு?

அப்புறம், ஐந்து மாணவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, தளத்தில் ஆளுக்கு மூன்று வேலை கொடுங்கள். பெரும்பாலான குறைகள் தெரிய ஐந்து பேர் போதும் என்று, இணையதளங்களின் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதினார். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம்.

தீசிஸ் தவிப்பு:
நானும் பிஜிதான், வேறு கல்லூரி. பப்மெட் இலவசம், சரி. ஆனால் பல கட்டுரைகளுக்குச் சுருக்கம்தான் கிடைக்கிறது. ராத்திரி மொபைல் டேட்டாவில் முழுக் கட்டுரையைத் திறந்தால் காசு கேட்கிறது. கல்லூரி வைஃபையில் அதே கட்டுரை திறக்கிறது!

வலைக்காரன்:
பதிப்பகம் கல்லூரியின் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் எண்ணைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். நூலகர் சார், உங்களிடம் பிராக்ஸி, அதாவது வெளியே இருப்பவரையும் கல்லூரி முகவரி வழியாக அனுப்பும் இடைச் சர்வர், இருக்கிறதல்லவா? ஒவ்வொரு ஜர்னல் இணைப்புக்கும் முன்னால் பிராக்ஸியின் முகவரி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒட்டியிருந்தால் வெளியே இருப்பவருக்கு முதலில் லாகின் பக்கம் வரும்.

ஏட்டுச்சுவடி (நான்கு நாள் கழித்து):
பழைய இணைப்புகள் எதிலும் ஒட்டவில்லை, இப்போது சரிசெய்துவிட்டேன். ஐந்து பேரையும் உட்கார வைத்தேன். ‘ஹாஸ்டலில் இருப்பதாக நினைத்து இந்தக் கட்டுரையைத் திற’ என்றேன். ‘ரிமோட் ஆக்சஸ்’ பக்கம் ஒருவரும் போகவில்லை. ஒரு பெண் நேராக ‘தொடர்புக்கு’ போய் என் நம்பரை எடுத்துவிட்டாள்!

அந்த ‘ரிமோட் ஆக்சஸ்’ தலைப்பு இப்போது ‘வெளியிலிருந்து படிக்க’. மெனுவும் ஐந்தாகிவிட்டது. முகப்பில் ஓடுகிற திறப்பு விழாப் படங்களை எடுக்க மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை.