பாத்ரூம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு, ஆசிட் ஊற்றலாமா?

கெடிலக்கரை:
நெய்வேலியில் இருந்து கடலூருக்கு, மஞ்சக்குப்பம் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. போர் தண்ணீர்தான். வந்த புதிதில் பளபளவென்று இருந்த குழாய்கள் இப்போது சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கின்றன. ஷவரில் பாதி ஓட்டை அடைத்துவிட்டது, மீதி ஓட்டையில் வருகிற தண்ணீர் தலையில் விழாமல் எதிர்ச் சுவரில் போய் அடிக்கிறது. பக்கெட், மக் எல்லாம் சொரசொரப்பு. வீட்டுக்காரர், "பத்து ரூபாய் ஆசிட் வாங்கி ஊற்றித் தேய்ங்க, போயிடும்" என்கிறார். ஊற்றலாமா? வாஷ்பேசின் மேடை கடப்பா கல். அதில் இருந்த கறைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்தேன், இன்னும் வெளுத்துவிட்டது. அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

முத்தியால்பேட்டை அத்தை:
தயவுசெய்து ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். கறை போனது உண்மை, கூடவே குழாயின் பளபளப்பும் போனது, டைல்ஸ் இடுக்கில் இருந்த ஒயிட் சிமெண்டும் அரித்துப் போனது. இடுக்கு அரித்தால் அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்கும், பக்கத்து அறைச் சுவர் ஊறும், அந்தச் செலவு தனி. அதைவிட முக்கியம், ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் கலந்த திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவர்களுக்கு மூச்சு அடைத்துவிடும். இரண்டையும் ஒரே நாளில்கூட எடுக்காதீர்கள்.

பைப்பும் பானாவும்:
இருபது வருடமாகப் புதுச்சேரியில் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது நம்ம சுண்ணாம்புக் கல்லேதான். புளிப்பு பட்டால் நுரைத்துக் கரையும். அதற்கு ஆசிட் வரைக்கும் போக வேண்டாம், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் தருவார்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம். ஷவர் தலையைக் கழற்றி ராத்திரி முழுக்க அதில் போட்டுவிடுங்கள் (பிளாஸ்டிக் என்றால் தயங்காமல் விடலாம், குரோம் பூச்சு என்றால் ஒரு மணி நேரம் போதும், எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடலாம்). கழற்ற வரவில்லை என்றால் பாலித்தீன் பையில் ஊற்றி ஷவரோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். காலையில் பழைய பல் பிரஷால் தேய்த்து, தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கிற தூளும் வெளியே வரும். குழாய்க்கு இந்தத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். குழாய் வாயில் இருக்கும் சின்ன வலையையும் திருகிக் கழற்றிப் பாருங்கள், வேகம் குறைந்ததற்குப் பாதி காரணம் அங்கேதான் இருக்கும்.

கடப்பா மேடைக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள்! கடப்பா கல்லே சுண்ணாம்புக் கல் வகைதான். நீங்கள் எலுமிச்சம்பழம் தேய்த்தபோது கறை மட்டும் இல்லை, கல்லின் மேல்பரப்பும் சேர்ந்து கரைந்திருக்கிறது. இப்போது தெரிகிற வெளுப்பு உப்பு இல்லை, அதனால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கொஞ்ச நாள் கறுப்பாகத் தெரியும், சரியாக வேண்டும் என்றால் பாலிஷ் போடுகிறவரைத்தான் கூப்பிட வேண்டும்.

உப்புக்காற்று:
நான் தேவனாம்பட்டினம். புளித்தண்ணீரும் வேலை செய்யும், வீட்டில் பழைய புளி கிடந்தால் வீணாக்காதீர்கள். ஒரு சந்தேகம், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு) மீட்டர் வாங்கிப் பார்த்தேன், 900 காட்டுகிறது. குழாயில் மாட்டும் காந்தம் போட்டால் குறையுமா?

பைப்பும் பானாவும்:
டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு. உங்கள் 900-இல் சாதாரண உப்பு எவ்வளவு, கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று அந்த மீட்டர் சொல்லாது. தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துக் கடினத்தன்மை பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை. காந்தத்தை நான் யாருக்கும் மாட்டச் சொல்வதில்லை. கடினத்தன்மையை உண்மையாகக் குறைப்பது ரெசின் போட்ட சாஃப்ட்னர் கருவிதான், அதற்கும் அவ்வப்போது உப்பு போட்டுக் கழுவ வேண்டும், டிடிஎஸ் அப்படியேதான் இருக்கும். வாடகை வீட்டுக்கு அந்தச் செலவு எதற்கு?

கீசர் இருந்தால் கடைசி சூட்டில் வைக்காதீர்கள். தண்ணீர் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு உப்பு கம்பியில் கட்டும். 50, 55 டிகிரி குளிக்கத் தாராளம்.

முத்தியால்பேட்டை அத்தை:
நான் இப்போது செய்வது ஒன்றே ஒன்று. கடைசியாகக் குளிக்கிறவர் வைப்பரால் சுவரை இழுத்துவிட்டு, குழாயை ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். தண்ணீர் காயும்போதுதானே உப்பு நிற்கிறது. எங்கள் வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டார்.

கெடிலக்கரை:
எலுமிச்சை உப்பு போட்டேன். பையைக் கட்டியதுமே குமிழ் குமிழாகக் கிளம்பியது. காலையில் ஷவர் திறந்தால் தண்ணீர் நேராகத் தலையில் விழுகிறது. இரண்டு ஓட்டை மட்டும் ஊசியால் குத்த வேண்டியிருந்தது. கடப்பா மேடைக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் குழாயைப் பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, ஆசிட் ஊத்தினதும் எப்படி ஆயிடுச்சு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.