அட்டோலுக்குத் தமிழ்: வளைத்தீவா, பவளவளையமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பள்ளி மாணவர்க்கான உலகப் புவியியல் நூலில் பசிபிக் பெருங்கடலிலுள்ள டோக்கெலாவ் பற்றிய இயலை நாளை மறுநாள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். ‘அட்டோல்’ (atoll; நடுவே நீர்ப்பரப்பைச் சூழ்ந்த பவளப்பாறை வளையம்) வரும் இடமெல்லாம் இன்னும் வெற்றிடமாகவே கிடப்பதால், நான்கு நாள்களாக வந்த மடல்களை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

‘பவளத்தீவு’ என்னும் ஊரறிந்த சொல் இருக்கையில் புதுச்சொல் எதற்கு என்று பலர் கேட்டீர்கள்; ‘பவளவளையம்’ என்ற சொல்லும் முன்வைக்கப்பட்டது. நானும் முதலில் ‘பவளத்தீவு’ என்றுதான் இட்டேன். “டோக்கெலாவில் மூன்று பவளத்தீவுகள் உள்ளன, ஒவ்வொரு தீவிலும் பல தீவுகள் உள்ளன” என்று வந்தது. மெய்ப்புப் பார்த்த ஆசிரியை, பிழை என்று சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பினார். அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்காஓஃபோ ஆகிய மூன்றும் ‘தீவு’ என்றவுடன் நம் மனத்தில் எழும் வடிவில் இல்லை; நடுவே களப்பு (பாறை விளிம்புக்குள் அடைபட்ட கடல்நீர்ப்பரப்பு), அதைச் சுற்றிப் பவளப்பாறை விளிம்பு, அவ்விளிம்பின்மேல் கோத்து வைத்ததுபோல் ஒடுங்கிய திட்டுகள். மூன்றின் நிலத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர்தான். களப்புகளின் நீர்ப்பரப்போ அதைப்போல் பன்மடங்கு. பாலினேசியாவைச் சேர்ந்த நியுவேயும் பவளப்பாறையால் ஆனதே, ஆயினும் அது கடலிலிருந்து மேலெழுந்த ஒற்றைத் தீவு. நடுவில் களப்பு இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் இட்டால் மாணவருக்கு வேறுபாட்டை எப்படி விளக்குவது?

‘பவளம்’ வடசொல், ஆகவே புறநானூறு முத்தோடும் பொன்னோடும் சேர்த்துச் சொல்லும், பவளத்தையே குறிக்கும் ‘துகிர்’ வேண்டும் என்றார் புலவர் ஐயா. அச்சொல்லின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் துகிருக்கே அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கும். ‘அட்டோல்’ மாலத்தீவு மொழியின் ‘அதொளு’விலிருந்து வந்தது என்பதைப் பிடித்துக்கொண்டு, அது மலையாள ‘அடல்’, அதன்வழி நம் ‘அடை’ என்று ஐயா மூன்று மடல்கள் எழுதினார். அந்த வேர் மெய்யென்றே கொண்டாலும் நமக்கு வேண்டிய சொல் அதிலிருந்து கிடைக்கவில்லை.

என் பரிந்துரை ‘வளைத்தீவு’. ‘வளைதீவு’ என்று ஒற்று மிகாமல் எழுதினால் அது வினைத்தொகையாகி, வளைந்த தீவு என்ற பொருளே தரும். பிறைபோல் வளைந்த எந்தத் தீவுக்கும் அது பொருந்திவிடும். வளையலைக் குறிக்கும் பெயராகக் கொண்டால், ‘வளைக்கரம்’ போல் ஒற்று மிக வேண்டும். வளை என்றால் எலிவளையும் நினைவுக்கு வருமே என்ற கவலைக்கு, அருகில் இடும் படமே போதிய விடை.

இச்சொல் நிலவடிவத்துக்கு மட்டுமன்றி ஆட்சிப் பிரிவுக்கும் பெயராக வேண்டும் என்பதை எவரும் எடுத்துப் பேசவில்லை. 1925 முதல் நியூசிலாந்தின் நிர்வாகத்தில் உள்ள டோக்கெலாவுக்குத் தலைநகர் கிடையாது. ஒவ்வொரு வளைத்தீவுக்கும் தனித்தனி மூத்தோர் மன்றம் உண்டு. ‘உலு’ எனப்படும் தலைமைப் பதவி மூன்று வளைத்தீவுகளின் தலைவர்களிடையே சுழன்று வருகிறது. நியூசிலாந்தோடு கட்டற்ற இணைவு கொண்ட தன்னாட்சிக்காக 2007இல் நடந்த வாக்கெடுப்பு, தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு 16 வாக்குகள் குறைந்து தோற்றது. இவற்றையெல்லாம் எழுதும்போது ‘ஃபக்காஓஃபோ வளைத்தீவின் மூத்தோர் மன்றம்’ என்பது இயல்பாக வருகிறது. ‘பவளவளையத்தின் மன்றம்’ என்றால் பாறைக்கு மன்றம் வைத்ததுபோல் இருக்கிறது. மறுப்புகளை நாளை மாலைக்குள் எழுதிவிடுங்கள்.

---

மறுமொழி (யாழ்ப்பாணத்திலிருந்து):

அன்புள்ள அம்மா, நாங்கள் பள்ளியில் பவளப்பாறையை ‘முருகைக்கல்’ என்றே படித்தோம். களப்பு என்ற எங்கள் சொல்லை நீங்கள் ஏற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி. ஆனால் வளைத்தீவு என்ற சொல்லில் அந்தக் கல்லே இல்லையே? பழைய எரிமலை மெல்ல அமிழ, முருகை உயிர்கள் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்ததால்தான் அவ்வளையம் உண்டாகிறது என்று 1842இல் டார்வின் விளக்கினார். வடிவம் சொல்லில் வந்துவிட்டது, கட்டியவை வரவில்லை. ‘முருகை வளைத்தீவு’ என்று முதல் இடத்திலாவது முழுமையாக எழுதுங்கள்.

---

அன்புள்ள ஐயா, முதல் இடத்தில் ‘முருகை (பவள) வளைத்தீவு’ என்று திருத்திவிட்டேன்; மற்ற இடங்களில் வளைத்தீவுதான். இதுவரை ஏழு பேர் இசைந்துள்ளனர். புலவர் ஐயா துகிரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மறுப்பையும் குழுவின் சொற்பட்டியலில் பதிந்து வைத்திருக்கிறேன்.