பக்கவாதம் வந்த அப்பாவுக்கு வைப்ரேஷன் மெஷின் வாங்கலாமா? (கிருஷ்ணகிரி)

காவேரிப்பட்டணம் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாங்காய் சீசன் முடியும் நேரத்தில் பக்கவாதம் வந்தது, வலது பக்கம். ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள், உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். இப்போது நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார், ஆனால் வலது முன்பாதம் தரையில் இழுபடுகிறது. கைதான் ரொம்பக் கஷ்டம். முழங்கை மடங்கியே இருக்கிறது, விரல்கள் மூடிக்கொள்கின்றன, சட்டை மாட்டுவதற்குள் அவரும் நாங்களும் ஓய்ந்துவிடுகிறோம்.

கிருஷ்ணகிரியில் ஒரு தெரபி சென்டரில் அதிர்கிற மேடை ஒன்று இருக்கிறது. சில நாள் இலவசமாக ஏற்றி நிற்க வைத்தார்கள். இறங்கியதும் கால் லேசாக இருக்கிறது என்று அப்பாவே சொன்னார், அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. இப்போது அதே மெஷினை 35,000 ரூபாய்க்கு வீட்டுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், விண்வெளி வீரர்களுக்குக் கொடுப்பது இதுதான், கை இறுக்கம் போய்விடும், பிசியோ கூடத் தேவையில்லை என்கிறார்கள். தம்பி கடன் வாங்கியாவது எடுத்துவிடலாம் என்கிறான். அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. உண்மையிலேயே பலன் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தர்மபுரி பிசியோ:
அக்கா, கடன் வாங்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் விளக்குகிறேன். நான் பக்கவாத நோயாளிகளோடுதான் அதிகம் வேலை செய்கிறேன், அதிர்வுக் கருவியையும் பயன்படுத்துகிறேன், அதனால் இது அந்த முறையையே வேண்டாம் என்று சொல்கிற பதில் இல்லை.

அதிர்வு சிகிச்சையில் இரண்டு வகை இருக்கிறது. கையடக்கக் கருவியைக் குறிப்பிட்ட தசையிலோ தசைநாரிலோ வைப்பது ஒன்று, உடம்பு முழுவதையும் மேடையில் ஏற்றி அதிர வைப்பது இன்னொன்று. கை இறுக்கத்துக்கு ஓரளவு ஆதாரம் இருப்பது முதல் வகைக்கு. உங்களிடம் விற்கப் பார்ப்பது இரண்டாவது வகை.

முதல் வகை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு தசைக்குள்ளும் அது எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று தண்டுவடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற நுண்ணிய உணர்வான்கள் உண்டு. தசைநாரின் மேல் நொடிக்கு 80 முதல் 100 தடவை அதிர்வு கொடுத்தால், தசை இழுபடுகிறது என்று நினைத்து அவை செய்தி அனுப்பும். உடனே தண்டுவடம் அந்தத் தசையைச் சுருங்கச் சொல்லும், அதற்கு எதிர்ப்பக்கத்துத் தசையைத் தளரச் சொல்லும். ஸ்வீடனில் ஹாக்பார்த், எக்லண்ட் என்ற இருவர் 1966 இல் மனிதர்களிடம் இதைப் பதிவு செய்தார்கள். அப்பாவின் முழங்கை மடங்கியே இருக்கிறது என்றால் மேற்கையின் பின்பக்கம், அதாவது கையை நீட்டுகிற தசையில் வைத்து, முன்பக்கத்தைத் தளர்த்தப் பார்க்கலாம். இறுகிய தசையின் மேலேயே வைத்துத் தளர்த்துகிற முறையும் இருக்கிறது. எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பதைத் தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் தப்பாக வைத்தால் மடங்கின கை இன்னும் மடங்கும்.

இதில் முக்கியமான விஷயம், இந்த இளக்கம் நிற்காது. சிலருக்குச் சில நிமிடம், சிலருக்கு அரை மணி நேரம் போல இருக்கும், அப்புறம் பழையபடி இறுகிவிடும். அதனால் நான் கருவியை வைத்த கையோடு, கை இளகியிருக்கும்போதே வேலை கொடுத்துவிடுவேன். டம்ளரை எட்டிப் பிடிப்பது, துண்டை மேசை மேல் தள்ளுவது, விரலை விரித்துத் துணி கிளிப்பை எடுப்பது, இப்படித் திரும்பத் திரும்ப. மூளை புதுப் பாதையைப் பழகுவது அந்தப் பயிற்சியில்தான். அதிர்வை மட்டும் வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் சாயங்காலத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது.

இனி மேடைக்கு வருவோம். நெதர்லாந்தில் பக்கவாதம் வந்து சில வாரங்களே ஆன 53 பேரை இரண்டாகப் பிரித்து 6 வாரம் பார்த்தார்கள், 2006 இல் வெளியான ஆய்வு அது. ஒரு பகுதிக்கு 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 தடவை அதிர்கிற மேடை, மற்ற பகுதிக்குப் பாட்டு போட்டு உடற்பயிற்சி. இரண்டு பக்கமும் தேறினார்கள், நிற்கும் சமநிலையிலோ அன்றாட வேலைகளிலோ மேடைக்காரர்கள் கூடுதலாக எதையும் பெறவில்லை. 2012 இல் ஸ்வீடனில் 31 பேரிடம் நடந்த ஆய்வு உங்களுக்கு இன்னும் பொருந்தும். ஒரு குழுவுக்கு 3.75 மில்லிமீட்டர் அளவில் அதிர்வு, இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி மேடைதான், ஆனால் வெறும் 0.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்டப் பேருக்கு அதிர்வு. இரண்டு குழுவிலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, குழுக்களுக்கிடையே வித்தியாசம் இல்லை. அப்பாவுக்குக் கால் லேசானது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் எழுந்து போனது, இரண்டு காலிலும் எடை போட்டு நின்றது, நாலு பேர் தைரியம் சொன்னது, இதெல்லாம் நிஜமாகவே உதவும். அதற்கு 35,000 ரூபாய் தேவையில்லை.

பிசியோ தேவையில்லை என்று சொன்னார்களே, அதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு வேகமாக மீட்சி நடப்பது முதல் மூன்று மாதம், ஆறு மாதம் வரைதான். அந்த நேரத்தை மேடையில் சும்மா நிற்க வைத்துக் கழித்தால் அது திரும்ப வராது.

பர்கூர் பையன்:
எங்கள் அப்பா கிரானைட் குவாரியில் ஜாக்ஹேமர் பிடித்தவர், அதனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. அதிர்வு என்றாலே மருந்து என்கிற மாதிரி பேசுகிறார்கள். வருஷக்கணக்கில் அதிர்வைப் பிடித்த கையை நான் வீட்டிலேயே பார்க்கிறேன். விரல் நுனி மரத்துப் போய்விட்டது, சட்டைப் பட்டன் போட முடியாது, மார்கழிக் குளிரில் ஓசூர் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் விரல் வெளுத்துவிடும். கல் வெட்டுகிறவர்களுக்கு இப்படி வருவதை 1918 லேயே அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் இண்டியானா சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களிடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நூறு வருஷம் தாண்டியும் நம் பக்கத்துக் குவாரியில் கையுறை கூட ஒழுங்காகக் கொடுப்பதில்லை.

குவாரி அதிர்வும் சிகிச்சை அதிர்வும் ஒன்று இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அளவும் நேரமும் பார்க்காமல் வீட்டில் ஒரு மெஷினை வைத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் இன்னும் நல்லது என்று தினம் தினம் கூட்டிக்கொண்டே போவார்கள், அதுதான் என் பயம். அதிலும் உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

தர்மபுரி பிசியோ:
பர்கூர் தம்பி கேட்டது சரியான கேள்வி. சர்க்கரை நோயாளியின் கால் பெருவிரலில் டாக்டர் ஒரு இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிர்கிற உலோகக் கவையைத் தட்டி வைத்து, அதிர்வது தெரிகிறதா என்று கேட்பார். 128 ஹெர்ட்ஸ் கவை அது. நரம்பு பாதிப்பில் சீக்கிரமே குறைகிற உணர்வுகளில் அதிர்வு உணர்வும் ஒன்று. அது தெரியாத பாதத்துக்கு மேடை எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது என்பதும் தெரியாது, தோல் உரசிப் புண்ணானாலும் தெரியாது. பக்கவாதம் வந்த பக்கத்தில் ஏற்கெனவே உணர்ச்சி குறைந்திருக்கலாம், அதனால் இரட்டைக் கவனம் வேண்டும்.

அக்கா, அப்பாவின் வலது கெண்டைக்கால் இடதைவிட வீங்கியிருந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, மேடை என்ன, மசாஜ் கூட வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள். அசைவு குறைந்த காலில் ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து உண்டு. வலிப்பு வந்தவர், பேஸ்மேக்கர் வைத்தவர், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் உள்ளவர், விழித்திரைப் பிரச்சினை உள்ளவர், புதிதாக எலும்பு முறிந்தவர், கர்ப்பிணிகள், இவர்கள் யாரும் டாக்டர் சொல்லாமல் ஏறக் கூடாது. அந்த சென்டரில் இதில் ஒன்றையாவது கேட்டார்களா?

பாலக்கோடு அம்மணி:
மேடையே உதவாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சேலத்தில் ஒரு மருத்துவமனையின் பிசியோ பிரிவில் மேடையில் நிறுத்தி, முழங்காலை லேசாக மடக்கி உட்கார்ந்து எழுகிற பயிற்சி கொடுத்தார்கள். தொடைக்கு பலம் வந்தது, வலியும் குறைந்தது. ஆனால் அங்கே பக்கத்திலேயே ஒருவர் நின்று கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, ஒரு நிமிடம் ஆனதும் நிறுத்தி, ஓய்வு கொடுத்துத்தான் செய்தார்கள். சும்மா நிற்கவே விடவில்லை. முழங்காலை விறைப்பாக நீட்டி நின்றால் அதிர்வு நேரே தலைக்கு ஏறும் என்று அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்று கேட்கிறேன், என் தம்பி மசாஜ் கன் வாங்கி வைத்திருக்கிறான். அதைக் கை இறுக்கத்துக்கு வைக்கலாமா? இந்த அக்காவுக்கும் பயன்படுமே என்று கேட்கிறேன்.

தர்மபுரி பிசியோ:
மாமியாருக்குச் செய்தது சரியான முறை. முழங்கால் தேய்மானத்தில் பயிற்சியோடு சேர்த்து மேடையைப் பயன்படுத்தும்போது கூடுதல் பலன் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன, அங்கேயும் பயிற்சிதான் அடிப்படை.

மசாஜ் கன் வேண்டாம். அது தசையைக் குத்துகிறது, சிகிச்சைக் கருவி மாதிரி சீராக அதிர்வதில்லை. இவருடைய அப்பா ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வராமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார், அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளே ரத்தம் கட்டிக் கன்றிப்போகும். கழுத்தில் யாருமே வைக்கக் கூடாது, பக்கவாதம் வந்தவர் கண்டிப்பாகக் கூடாது.

காவேரிப்பட்டணம் மகள்:
இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன நோய்களில் ஒன்றைக் கூட சென்டரில் கேட்கவில்லை. பிரஷர் கூடப் பார்க்கவில்லை. தம்பியிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன், யோசிக்கிறான். ஆனால் அம்மா விடவில்லை, ஏனென்றால் சென்டரில் கொடுத்த நோட்டீஸில் இந்த மெஷின் எலும்பு அடர்த்தியை 34 சதவீதம் கூட்டும், பெரிய அறிவியல் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இடுப்பு வலி. அதாவது உண்மையா?

தர்மபுரி பிசியோ:
34 சதவீதம் என்பது உண்மையான எண்தான், ஆனால் அது ஆட்டுக்கு வந்தது. கிளின்டன் ரூபின் குழு 2001 இல் நேச்சர் பத்திரிகையில் எழுதியது. செம்மறி ஆடுகளைத் தினம் 20 நிமிடம் 30 ஹெர்ட்ஸ் மேடையில் ஒரு வருடம் நிறுத்தினார்கள், தொடை எலும்பின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதியில் மட்டும் அடர்த்தி கூடியது. அங்கே கொடுத்த விசை புவியீர்ப்பில் 0.3 மடங்கு, நின்றால் கூசுகிற அளவுதான். கடையில் விற்கிற மேடை 30 ஹெர்ட்ஸில் மேலும் கீழுமாக மொத்தம் 2 மில்லிமீட்டர் ஆடினாலே புவியீர்ப்பில் மூன்றரை மடங்கு வந்துவிடும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆட்டுக்குக் கொடுத்தது வேறு, அம்மாவுக்கு விற்பது வேறு.

சரி, அதே மென்மையான அதிர்வை மனிதர்களுக்குக் கொடுத்தால்? கனடாவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் ஒரு வருடம் பார்த்து 2011 இல் வெளியிட்டார்கள். எலும்பு அடர்த்தியில் பலன் இல்லை.

நம் ஊருக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன்னால் நம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ ஊர் ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரையே குடித்தது. ஃபுளோரைடு எலும்பில் சேர்ந்து கெடுக்கும், அதனால் அம்மா வயதில் இடுப்பு, முதுகு இறுகிப் போயிருந்தால் அதையும் மனதில் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் முறியக் கூடியது. முதுகெலும்புக்குள் நரம்புக்கான இடமும் சுருங்கியிருக்கலாம். அந்த முதுகை மேடையில் ஏற்றிக் குலுக்க நான் சம்மதிக்க மாட்டேன். எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

சூளகிரிக்காரர்:
பிசியோவுக்குப் போக வசதி இல்லை என்பதால் மெஷின் பக்கம் போகிறீர்கள் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் இருக்கிறதே அம்மா. 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் முதல்வர் தொடங்கி வைத்தார். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. எங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவருக்கு வந்து செய்தார்கள், ஒரு காசு வாங்கவில்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பேரைக் கொடுங்கள். அவர்களுக்கு நிறைய வீடு இருக்கும், தினமும் வர முடியாது, அதனால் வரும் அன்று சொல்லித் தருவதை வீட்டில் நீங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

தர்மபுரி பிசியோ:
ஐயா சொன்னதைச் செய்யுங்கள் அக்கா. வருகிறவரிடம் கை இறுக்கத்துக்கு அதிர்வுக் கருவி வைத்துப் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். இறுக்கம் ரொம்ப அதிகம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஓ.பி.யில் இறுகிய தசையைத் தளர்த்துகிற போட்டாக்ஸ் ஊசி பற்றியும் விசாரியுங்கள். பாதம் இழுபடுவதற்கு, கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கால் அளவு எடுத்துச் செய்து தருவார்கள், மேடையின் விலையில் சிறு பங்குதான் ஆகும், தடுக்கி விழுவது குறையும்.

அதுவரைக்கும் இரண்டு விஷயம். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது வலது கையைக் கடைசியாக எடுங்கள். அப்பாவை எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும்.

காவேரிப்பட்டணம் மகள்:
நாளைக்குக் காலையில் சுகாதார நிலையத்துக்குப் போகிறேன் அண்ணா. சென்டரில் முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்கப் போவதில்லை. அந்தக் காலுக்கான பட்டை தர்மபுரியிலேயே செய்வார்களா, சேலம் போக வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.